பழைய சிடி ரைட்டர் வாங்கியாச்சா? எழுதத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பெங்களூரு அல்சூரில் இருக்கும் எங்கள் அத்தை பல வருடமாகத் திருப்புகழ் வகுப்பு எடுக்கிறார். ஒரு வருடம் ஆண்டு விழாவுக்கு, வகுப்பில் பாடிய 21 பாடல்களைப் பதிவு செய்து ஆளுக்கொரு சிடியாகக் கொடுப்பது என்று முடிவானது. வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இன்னும் சிடி பிளேயரில்தான் பாட்டுக் கேட்கிறார்கள். நான் எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய ரைட்டரை வாங்கி வந்து, 48 எக்ஸ் வேகத்தில் 35 சிடியையும் ஒரே மாலையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாளில் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். “பதினெட்டாவது பாட்டு வரைக்கும் நல்லா இருக்குப்பா, அதுக்கு மேல திக்குது.” எல்லா சிடியிலும் கிட்டத்தட்ட அதே இடம். 76 நிமிடப் பதிவில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கேட்க முடியாமல் போயிருந்தது.

முதல் நாளே ஒரு மணி நேரம் ஒதுக்கி டிரைவைச் சோதித்திருந்தால் 35 தட்டுகள் வீணாகியிருக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்யாண வீடியோ சிடிகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறவர்கள், பழைய காருக்குப் பாட்டு சிடி எழுதுகிறவர்கள், ஆவணங்களை சிடியில் கொடுக்க வேண்டியவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

கடையில் நிற்கும்போதே

எஸ்.பி. ரோட்டுக்கு வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. அல்சூர் பக்கமிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், பச்சை வழித்தடத்துக்கு மாறி, அடுத்த நிலையமான சிக்பேட்டில் இறங்கினால் நடந்து போய்விடலாம். பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் பெரும்பாலும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம்.

“டெஸ்ட் பண்ணித்தான் கொடுக்கிறோம் சார்” என்பார்கள். பொய் சொல்வதில்லை. ஒரு சிடியைப் போட்டு, அதில் உள்ள கோப்புகளின் பட்டியல் திரையில் வருகிறதா என்று காட்டுவார்கள். ஆனால் அந்தப் பட்டியல் தட்டின் மையத் துளைக்குப் பக்கத்தில்தான் பதிவாகியிருக்கும். சிடி உள்ளிருந்து வெளியே போகும் சுருள். பட்டியல் தெரிந்தால் உள்விளிம்பைப் படிக்கத் தெரிகிறது என்று மட்டும்தான் அர்த்தம். அத்தையின் சிடிகள் திக்கியது வெளிவிளிம்பில். அதனால் பட்டியலோடு விடாமல், தட்டில் கடைசியாக இருக்கும் பாட்டையோ வீடியோவையோ ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று முக்கியம். இப்போது கிடைக்கும் பழைய டிரைவ்கள் பெரும்பாலும் டிவிடி ரைட்டர்கள். அவை சிடியையும் எழுதும், ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு லேசர். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் அலைநீளம். ஒன்று தேய்ந்துபோய் இன்னொன்று நன்றாக வேலை செய்வது சாதாரணமாக நடக்கிற விஷயம். டிவிடியைப் போட்டு ஓட்டிக் காட்டினால் சிடி லேசரைப் பற்றி எதுவும் தெரியாது. சிடி எழுதத்தான் வாங்குகிறீர்கள் என்றால் சிடியைப் போட்டே பாருங்கள். ‘காம்போ டிரைவ்’ என்று எழுதியிருந்தால் அது சிடியை எழுதும், டிவிடியைப் படிக்க மட்டும் செய்யும்.

மேல் ஸ்டிக்கரில் தயாரித்த மாதம், வருடம் இருக்கும். டிரேயை நாலைந்து தடவை திறந்து மூடுங்கள், இழுத்து இழுத்து வந்தால் வேறு டிரைவ் கேளுங்கள். கடைசியாக, “இரண்டு நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றிக் கொடுப்பீங்களா அண்ணா?” என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இணைக்கும்போது

மெல்லிய கேபிள் போடும் சாட்டா டிரைவ் என்றால் கேபிளைச் செருகினால் போதும். அகலமான பட்டைக் கேபிள் போடும் பழைய ஐடிஇ டிரைவ் என்றால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய இயங்குதளம், கேபிள் கோளாறால் திரும்பத் திரும்பப் பிழை வந்தால் தானாகவே வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். டிரைவ் நன்றாக இருந்தும் ஆமை வேகத்தில் ஓடும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலின் அமைப்பைத் திறந்து எந்த முறை ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யுஎஸ்பியில் மாட்டும் மெல்லிய டிரைவ் என்றால் மின்சாரம்தான் பிரச்சினை. யுஎஸ்பி 2.0 பொருத்துவாய் 500 மில்லியாம்பியர்தான் கொடுக்கும். படிக்கும்போது சரியாக இருந்து, எழுதத் தொடங்கியதும் டிரைவ் துண்டித்துக்கொண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஹப்பில் மாட்டாமல் கம்ப்யூட்டரிலேயே நேராக மாட்டுங்கள். இரட்டைத் தலைக் கேபிள் கொடுத்திருந்தால் இரண்டு தலையையும் செருகுங்கள்.

சோதனைக்கு மூன்று தட்டுகள் வேண்டும். கடையில் விற்ற, தொழிற்சாலையில் அச்சடித்த நிறைந்த சிடி ஒன்று. ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வெற்று சிடியான புது சிடி-ஆர் இரண்டு. மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, மையத் துளையைச் சுற்றி மயிரிழை போல விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். 52 எக்ஸ் டிரைவில் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றும். விரிசல் விட்ட தட்டு அந்த வேகத்தில் உள்ளேயே நொறுங்கும், டிரைவும் போய்விடும். ஒருபக்கமாக ஒட்டிய காகித ஸ்டிக்கர் உள்ள தட்டையும் போடாதீர்கள்.

மென்பொருளுக்கு விண்டோஸில் நான் நம்புவது நீரோ டிஸ்க்ஸ்பீடு. முன்பு நீரோ சிடி-டிவிடி ஸ்பீடு என்ற பெயரில் வந்தது. எழுதுவதற்கு இமேஜ்பர்ன் நல்லது. ஆங்கிலத்தில் ‘ஐ, எம், ஜி’ என்ற மூன்று எழுத்தோடு ‘பர்ன்’ சேர்த்துத் தேடினால் கிடைக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எழுத கே3பி, சோதிக்க கியூபிஎக்ஸ்டூல்.

முதல் சோதனை: படிக்கும் வேகம்

1 எக்ஸ் என்பது வினாடிக்கு 150 கிலோபைட். பாட்டு சிடி ஓடும் வேகம் அதுதான். 52 எக்ஸ் என்றால் 7,800 கிலோபைட், அதாவது சுமார் 7.6 மெகாபைட். டிவிடியின் 1 எக்ஸ் வேறு கணக்கு, அது வினாடிக்கு ஏறக்குறைய 1,385 கிலோபைட். டிவிடி 16 எக்ஸ் என்பதையும் சிடி 52 எக்ஸ் என்பதையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

டிரைவின் முகப்பில் போட்டிருக்கும் எண் உச்ச வேகம். தட்டு ஒரே சீராகச் சுற்றும்போது, வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட வேகமாக லென்ஸைக் கடக்கும். ராட்டினத்தில் ஓரத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் காற்று அதிகம் அடிக்கும், அதே கதைதான். சிடியில் பதிவு மையத்திலிருந்து 25 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது. 58ஐ 25ஆல் வகுத்தால் 2.3. ஆகவே வெளியே 52 எக்ஸில் ஓடும் டிரைவ் உள்ளே 22 எக்ஸில்தான் தொடங்கும். பாதி நிறைந்த சிடியைப் போட்டுச் சோதித்துவிட்டு, ‘52 என்று ஏமாற்றிவிட்டார்கள்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நிறைந்த சிடி கேட்டதற்குக் காரணம் இதுதான்.

அச்சடித்த சிடியைப் போட்டு, டிஸ்க்ஸ்பீடில் ‘பெஞ்ச்மார்க்’ பகுதியில் தொடங்குங்கள். திரையில் ஒரு கோடு இடது கீழிலிருந்து வலது மேலே வழுவழுப்பாக ஏற வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் சட்டென்று விழுந்து, பிறகு மறுபடி ஏறினால் அந்த இடத்தைப் படிக்க டிரைவ் திணறியிருக்கிறது. முதலில் சிடியைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். மையத்திலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. அதே இடத்தில் மறுபடி விழுந்தால் வேறு சிடி போடுங்கள். அதிலும் விழுந்தால் கோளாறு டிரைவில்.

காதையும் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டிரைவின் சத்தம் தொடக்கத்தில் மெல்ல ஏறி, பிறகு ஒரே ஸ்தாயியில் நிற்கும். ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறி, ‘டிக் டிக்’ என்று தட்டினால் லென்ஸ் இடத்தைத் தேடி அலைகிறது என்று பொருள்.

மென்பொருள் எதுவும் இல்லையென்றால் கடிகாரம் போதும். 650 மெகாபைட் கொண்ட ஒரே பெரிய கோப்பை சிடியிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுங்கள். 115 வினாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். 650ஐ 1,024ஆல் பெருக்கி, 115ஆல் வகுத்தால் 5,788. அதை 150ஆல் வகுத்தால் 38.6. சராசரி 38 எக்ஸ், 52 எக்ஸ் டிரைவுக்கு இது நல்ல எண். சின்னச் சின்னக் கோப்புகளாக இருந்தால் லென்ஸ் தாவிக்கொண்டே இருக்கும், கணக்கு சரியாக வராது.

இரண்டாவது சோதனை: எழுதும் வேகம்

எழுதுவதற்கு முன் வெற்று சிடியைப் போட்டு டிஸ்க்ஸ்பீடில் ‘டிஸ்க் இன்ஃபோ’ பகுதியைப் பாருங்கள். மேலே அச்சிட்ட பிராண்ட் வேறு, தட்டை உண்மையில் செய்த நிறுவனம் வேறாக இருக்கலாம். தட்டின் பள்ளத்திலேயே நேரக் கணக்கு போன்ற வடிவில் பதிந்திருக்கும் குறியீட்டை டிரைவ் படித்துச் சொல்லும். 97 நிமிடம் 24 நொடி 01 என்று வந்தால் அது ஜப்பானின் தையோ யூடென், 1988இல் சிடி-ஆர் தட்டை உருவாக்கிய நிறுவனம். 2015 முடிவோடு அவர்கள் இந்தத் தொழிலிலிருந்து விலகிவிட்டார்கள். நம் ஊரில் அதிகம் புழங்கிய மோசர் பேயர் தட்டுகள் கிரேட்டர் நொய்டாவில் தயாரானவை. இந்தத் தகவலை ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரே டிரைவ் ஒரு நிறுவனத் தட்டில் அருமையாக எழுதி, இன்னொன்றில் சொதப்பும்.

முதலில் ஒத்திகை. ‘சிமுலேட்’ அல்லது ‘டெஸ்ட் ரைட்’ என்று ஒரு தேர்வு இருக்கும். லேசர் குறைந்த சக்தியில் எரியும், தட்டில் எதுவும் பதியாது, தட்டு வீணாகாது. ஹார்ட் டிஸ்கிலிருந்து தரவு தடையில்லாமல் வருகிறதா என்பதை மட்டும் இது காட்டும். எழுத்தின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டிவிடி பிளஸ் ஆர் தட்டுகளில் இந்த ஒத்திகை வசதி கிடையாது.

எழுதும்போது பஃபர், அதாவது எழுதக் காத்திருக்கும் தரவைத் தேக்கி வைக்கும் இடம், எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் பட்டையைக் கவனியுங்கள். அது 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். அடிக்கடி காலியாகி நிரம்பினால் கம்ப்யூட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. சான்யோ நிறுவனம் 2000 வாக்கில் கொண்டுவந்த பர்ன்-ப்ரூஃப் போன்ற பாதுகாப்பு வந்த பிறகு இதனால் சிடி கெட்டுப்போவதில்லை. டிரைவ் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் பாட்டு சிடி எழுதும்போது இப்படி நூறு இடத்தில் ஒட்டுப் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. மற்ற நிரல்களை மூடிவிட்டு எழுதுங்கள்.

அப்புறம் நிஜமாகவே ஒரு நிறைந்த சிடியை 16 எக்ஸிலும், இன்னொன்றை டிரைவின் உச்ச வேகத்திலும் எழுதுங்கள். நேரத்தைக் குறியுங்கள். 80 நிமிடத் தட்டு 16 எக்ஸில் ஐந்தரை நிமிடம் போல எடுக்கும். 24 எக்ஸில் ஏறக்குறைய நான்கு நிமிடம். 48 எக்ஸில் மூன்று நிமிடத்தை ஒட்டி. 24க்கும் 48க்கும் வித்தியாசம் ஒரு நிமிடம்தான் என்பதைக் கவனியுங்கள். உச்ச வேகம் கடைசி விளிம்பில்தான் கிடைக்கிறது, தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் ஆகும் நேரம் எந்த வேகத்திலும் குறைவதில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் 35 சிடிகளை இழந்தேன்.

எழுதத் தொடங்கும்போதே ‘பவர் கேலிப்ரேஷன் எரர்’ என்று வந்தால் நின்றுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் டிரைவ் தட்டின் உள்ளோரத்தில் லேசரை எரித்துப் பார்த்து, எவ்வளவு சக்தி வேண்டும் என்று முடிவு செய்யும். அது முடியவில்லை என்பதுதான் இந்தச் செய்தி. வேறு நிறுவனத் தட்டைப் போடுங்கள், லென்ஸில் தூசு இருந்தால் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். இரண்டு விதத் தட்டிலும் இதே செய்தி வந்தால் லேசர் தேய்ந்துவிட்டது. தாமதிக்காமல் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது சோதனை: எழுதியது நிலைக்குமா

புதியவர்கள் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ‘பர்ன் வெற்றிகரமாக முடிந்தது’ என்று திரையில் வந்தால், டிரைவ் தன் வேலையை முடித்தது என்று மட்டும்தான் பொருள்.

சிடியில் தரவு சின்னச் சின்னத் துண்டுகளாகப் பதிந்திருக்கும். 1 எக்ஸ் வேகத்தில் வினாடிக்கு 7,350 துண்டுகள். ஒவ்வொன்றோடும் பிழை திருத்தும் குறிப்பும் சேர்ந்தே இருக்கும். திருத்தம் இரண்டு கட்டம். முதல் கட்டத்துக்கு வரும் பிழைகளை சி1 என்பார்கள், அதில் தப்பி இரண்டாம் கட்டத்துக்குப் போகிறவற்றை சி2 என்பார்கள். சி1 இல்லாத சிடி உலகத்தில் கிடையாது. சிடிக்கான தரவரையறை, பத்து வினாடிச் சராசரியில் வினாடிக்கு 220 வரை அனுமதிக்கிறது. 7,350இல் 220 என்பது 3 சதவீதம். புதிதாக எழுதிய தட்டில் சி2 பூஜ்யமாக இருக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சி2வையும் தாண்டிய பிழை வந்தால் பாட்டு சிடி பிளேயர் பக்கத்து ஒலியை வைத்து ஊகித்து நிரப்பும், அதுவும் முடியாதபோது திக்கும். கோப்புகள் உள்ள டேட்டா சிடிக்கு இன்னொரு திருத்தக் கட்டம் கூடுதலாக உண்டு. அதனால்தான் பாட்டு சிடியில் 2,352 பைட் பிடிக்கும் இடத்தில் டேட்டா சிடியில் 2,048 பைட் மட்டும் பிடிக்கிறது. டேட்டா சிடி சரியாகத் திறந்தது என்பதை வைத்து, அதே வேகத்தில் எழுதிய பாட்டு சிடியும் நன்றாக இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள்.

டிஸ்க்ஸ்பீடில் ‘டிஸ்க் குவாலிட்டி’ பகுதியில் இதை அளக்கலாம். எல்லா டிரைவும் சி1, சி2 எண்களை வெளியே சொல்வதில்லை. உங்களுடையது சொல்லாவிட்டால் ‘ஸ்கேன்டிஸ்க்’ பகுதியை ஓட்டுங்கள். கட்டம் கட்டமாகப் பச்சை வரும். மஞ்சள் வந்தால் சேதம், சிவப்பு வந்தால் படிக்கவே முடியவில்லை.

அத்தையின் சிடி ஒன்றை இப்படி அளந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தொடக்கத்தில் சி1 இரண்டு, மூன்று என்று தரையோடு தரையாக ஊர்ந்தது. 50 நிமிடத்தைத் தாண்டியதும் புல் முளைப்பது போலக் கோடுகள் எழும்பின. 64வது நிமிடத்தில் 300ஐத் தாண்டி, அதன் கீழே சி2 கோடுகளும் வரத் தொடங்கின. பதினெட்டாவது பாட்டு முடிகிற இடம் அதுதான். அதே டிரைவ், அதே பெட்டியிலிருந்து எடுத்த தட்டு, 16 எக்ஸில் எழுதியபோது கடைசி வரைக்கும் 20ஐத் தாண்டவில்லை, சி2 ஒன்றுகூட இல்லை. டிரைவ் கெட்டதல்ல. அந்தத் தட்டுக்கு அந்த வேகம் ஒத்துவரவில்லை, அதுவும் வெளிவிளிம்பில் வேகம் உச்சத்தைத் தொடும்போது.

நீங்களும் இரண்டு வேகத்தில் எழுதிய இரண்டு தட்டையும் அளந்து, வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதிய டிரைவிலேயே அளப்பதோடு நிறுத்தாதீர்கள். தன் எழுத்தைத் தானே படிப்பது யாருக்கும் சுலபம். பக்கத்து வீட்டு லேப்டாப், நண்பருடைய டிரைவ், எது கிடைத்தாலும் அதிலும் ஒருமுறை படிக்க வையுங்கள். பாட்டு சிடி என்றால், யார் கேட்கப் போகிறார்களோ அவர்கள் வீட்டுப் பிளேயரிலேயே கடைசிப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். முதல் பாட்டைக் கேட்டுவிட்டுத் திருப்தியோடு கிளம்பிவிடாதீர்கள்.

மற்ற எண்கள்

லென்ஸ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் நேரம் 100 முதல் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் போதும். எழுதும்போது பிராசசர் சுமை ஒற்றை இலக்கச் சதவீதத்தில் இருந்தால் நல்லது, மிக அதிகமாக இருந்தால் மேலே சொன்ன பிஐஓ முறையைப் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு இவற்றில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

எல்லாம் முடிந்ததும் ஒரு சின்னச் சீட்டில் மூன்று வரி எழுதி டிரைவின் கூட்டுக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள்: எந்த நிறுவனத் தட்டு, எந்த வேகம், சோதித்த தேதி. நன்றாக எழுதப்பட்ட அந்த 16 எக்ஸ் தட்டைத் தூக்கிப் போடாமல், வெயில் படாத அலமாரியில் தனியாக வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையே போட்டுப் படிக்கும் வரைபடத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டு அதேதான் என்பதால், கோடு முன்பு விழாத இடத்தில் விழுந்தால் முதலில் லென்ஸைச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் சிக்பேட்டுக்கு மறுபடி ஒரு நடை போக வேண்டியதுதான்.